சீர்திருத்தப் பள்ளி முதல் சிறப்பு இல்லம் வரை

எங்கள் பக்கத்தில் பிள்ளை படிக்காமல் ஊர் சுற்றினால் வீட்டுப் பெரியவர்கள் கையில் ஒரு மிரட்டல் தயாராக இருக்கும். "இப்படியே திரிஞ்சேன்னா செங்கல்பட்டு பள்ளிக்கூடத்துல கொண்டுபோய்ப் போட்டுடுவேன்." பூச்சாண்டிக்குப் பயப்படாத பிள்ளையும் இதற்குப் பயப்படும். அந்தப் பள்ளிக்கூடம் உள்ளே எப்படி இருக்கும் என்று எங்களில் யாருக்கும் தெரியாது. மிரட்டிய பெரியவர்களுக்கும் தெரியாது. மதில் உயரம், கதவு பூட்டியிருக்கும். அவ்வளவுதான் தெரியும்.

அந்தப் பூட்டிய கதவின் வரலாற்றை இன்று எழுதலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். முப்பது வருஷத்துக்கு மேல் நீதிமன்ற அலுவலகங்களில் கோப்பு சுமந்தவன் என்பதால் இந்தச் சட்டப் புத்தகங்களோடு கொஞ்சம் பழக்கம் உண்டு. அரசாங்கம் ஒரு குழந்தையைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டு, "உன் நன்மைக்காகத்தான்" என்று சொல்லிக் கதவைச் சாத்துகிறது. இது நம் நாட்டில் எப்போது தொடங்கியது, என்னென்ன பெயர்களில் நடந்தது, எது மாறியது, எது மாறவில்லை என்று பார்ப்போம்.

பிரம்படிக் காலம்

1860-ல் வந்த இந்திய தண்டனைச் சட்டம் 7 வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தை செய்த எதுவும் குற்றமாகாது என்றது. 7 முதல் 12 வரை, செய்ததன் விளைவு புரியும் அளவுக்கு அறிவு முதிர்ந்திருந்ததா என்று பார்க்க வேண்டும். 12 தாண்டிவிட்டால் அந்தச் சலுகையும் இல்லை. மாங்காய் திருடிய பையனும் கன்னக்கோல் வைத்த ஆளும் ஒரே சிறைக்குப் போகலாம்.

1864-ல் கசையடிச் சட்டம் வந்தது. சிறுவர்களுக்குச் சிறைக்குப் பதிலாகப் பிரம்படி கொடுக்கலாம் என்று அதில் வழி செய்தார்கள். 16 வயதுக்குக் கீழ் என்றால் அதிகபட்சம் 15 அடி. இன்று படித்தால் நமக்கு வயிற்றைக் கலக்கும். ஆனால் அன்றைய அதிகாரிகள் இதைக் கருணை என்றே நினைத்தார்கள். பத்து வயதுப் பையனைப் பெரிய திருடர்களோடு ஆறு மாதம் அடைத்து வைத்தால் தேர்ந்த திருடனாகத்தான் வெளியே வருவான், அதற்கு நாலு அடி போட்டு வீட்டுக்கு அனுப்புவது மேல் என்பது அவர்கள் கணக்கு. இந்தக் கசையடித் தண்டனை சுதந்திரத்துக்குப் பிறகு 1955-ல்தான் சட்டப் புத்தகத்திலிருந்து போனது.

சிறையும் வேண்டாம், பிரம்பும் வேண்டாம் என்றால் மூன்றாவதாக ஓர் இடம் வேண்டுமல்லவா? அதற்காக வந்ததுதான் 1876-ன் சீர்திருத்தப் பள்ளிச் சட்டம். பின்னர் 1897-ல் அதைத் திருத்தி எழுதினார்கள். தண்டனை பெற்ற, 15 வயதுக்குக் கீழ்ப்பட்ட பையன்களை 3 வருஷத்துக்குக் குறையாமல், 7 வருஷத்துக்கு மேற்படாமல் அந்தப் பள்ளியில் வைக்கலாம். 18 வயதுக்கு மேல் வைக்கக்கூடாது. பெண் பிள்ளைகளுக்கு இந்தச் சட்டத்தில் இடமே இல்லை.

இதில் ஒரு வேடிக்கையைக் கவனியுங்கள். அதே குற்றத்துக்குப் பெரிய ஆளாக இருந்தால் மூன்று மாதத்தில் வெளியே வந்துவிடுவான். பையனாக இருந்தால் குறைந்தது மூன்று வருஷம். ஏனென்றால் அது தண்டனை ஆகாது, படிப்பு! "உன் நன்மைக்காக" என்று சொல்லிவிட்டால் எத்தனை வருஷம் வேண்டுமானாலும் பூட்டலாம் என்ற எண்ணம் அன்றே வந்துவிட்டது.

கோட்டைக்குள் ஒரு பள்ளிக்கூடம்

சென்னை மாகாணத்தின் சீர்திருத்தப் பள்ளி 1887-ல் செங்கல்பட்டில் தொடங்கியது. இடம் எது தெரியுமா? விஜயநகர காலத்துக் கோட்டை. 1752-ல் பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து கிளைவ் பிடித்த அதே கோட்டை. ரயிலில் போகிறவர்கள் கொளவாய் ஏரியைப் பார்த்துக்கொண்டே செங்கல்பட்டுக்குள் நுழைவார்கள். தண்டவாளம் அந்தப் பழைய கோட்டைப் பகுதியை ஒட்டித்தான் போகிறது. எதிரிப் படை உள்ளே வராமல் இருக்கக் கட்டிய மதில், பையன்கள் வெளியே போகாமல் இருக்கப் பயன்பட்டது.

ஆனாலும் அந்தச் சட்டத்தில் ஒரு நல்ல விஷயம் இருந்ததைச் சொல்லியாக வேண்டும். ஒவ்வொரு சீர்திருத்தப் பள்ளிக்கும் ஒரு கண்காணிப்பாளரை நியமித்தால் போதாது, கூடவே பார்வையாளர் குழு ஒன்றையோ நிர்வாக வாரியம் ஒன்றையோ அமைக்க வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். பள்ளியில் சம்பளம் வாங்காத, வெளியிலிருந்து வருகிற மனிதர்கள் கதவைத் திறந்து உள்ளே பார்க்க வேண்டும் என்பது அதன் பொருள். இந்தப் பார்வையாளர் என்ற சொல்லை நினைவில் வையுங்கள். பின்னால் திரும்ப வரும்.

குற்றமே செய்யாத பிள்ளைகளைப் பூட்டியதும் இதே காலத்தில்தான். குற்றப் பழங்குடியினர் சட்டம் 1871-ல் வடக்கே வந்தது. 1897-ல் அதைத் திருத்தியபோது, 4 வயது முதல் 18 வயது வரை உள்ள பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்துத் தனிச் சீர்திருத்தக் குடியிருப்புகளில் வைக்க அரசுக்கு அதிகாரம் கொடுத்தார்கள். 1911-ல் சட்டம் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. பிள்ளைகளைப் பிரித்துத் தொழிற்பள்ளியிலோ சீர்திருத்தப் பள்ளியிலோ வைக்கும் அதிகாரம் அதிலும் தொடர்ந்தது. கைரேகை வைக்கப் பெற்றோர் வரிசையில் நின்றார்கள் என்பதை நம் மாநிலத்தில் பலரும் எழுதிவிட்டார்கள். பிள்ளையைப் பிரிக்கவும் அதே சட்டத்தில் வழி இருந்தது என்பதை அவ்வளவாக யாரும் பேசுவதில்லை. அந்தப் பிள்ளை செய்த தவறு ஒன்றுதான். அந்தச் சாதியில் பிறந்தது. சென்னை மாகாணத்தில் இந்தச் சட்டத்தை 1947-ல் ரத்து செய்தார்கள்.

நாட்டிலேயே முதல் சட்டம்

1919-ல் இந்தியச் சிறைகளை ஆராய ஒரு குழு அமைத்தார்கள். அதன் தலைவர் சர் அலெக்சாண்டர் கார்டியூ, சென்னை மாகாணத்தில் பணியாற்றிய ஐ.சி.எஸ். அதிகாரி. குழந்தைகளைச் சிறைக்கு அனுப்பவே கூடாது, அவர்களுக்குத் தனி நீதிமன்றம் வேண்டும், விசாரணைக் காலத்தில் தங்க வைக்கத் தனி இல்லம் வேண்டும் என்றது அந்தக் குழு. 1920-லேயே சென்னை மாகாணம் சிறுவர் சட்டத்தைக் கொண்டுவந்தது. நாட்டில் அப்படிப்பட்ட முதல் சட்டம் நம்முடையதுதான். வங்காளம் 1922-ல், பம்பாய் 1924-ல் பின்தொடர்ந்தன. இதில் நாம் பெருமைப்பட்டுக்கொள்ளலாம்.

இங்கிலாந்தின் 1908-ம் வருஷத்துச் சிறுவர் சட்டத்தைப் பார்த்து எழுதியது இது. அதனால் நல்லதும் வந்தது, ஒரு சிக்கலும் கூடவே வந்தது. தவறு செய்த பிள்ளை மட்டும் இந்தச் சட்டத்தின் கீழ் வரவில்லை. பிச்சை எடுக்கும் பிள்ளை, அநாதைப் பிள்ளை, அப்பா சிறையில் இருக்கும் பிள்ளை, குடிகாரர் கையில் சிக்கிய பிள்ளை, யாருக்கும் அடங்காத பிள்ளை என்று எல்லோரையும் நீதிமன்றத்துக்கு அழைத்துவரலாம். எல்லோரையும் 'செர்டிஃபைடு ஸ்கூல்' என்ற பள்ளிக்கு அனுப்பலாம். செங்கல்பட்டு, பெரிய பையன்களுக்கான சீனியர் பள்ளியாயிற்று.

ஆக, கடையில் திருடிய பையனும் அம்மா இறந்துபோய் ரயில் நிலையத்தில் படுத்துக் கிடந்த பையனும் ஒரே கூரையின் கீழ், ஒரே பூட்டுக்குள். முதல் பையனுக்கு அது தண்டனைக்குப் பதில். இரண்டாவது பையனுக்கு அது அடைக்கலம். ஆனால் இரண்டு பேருக்கும் ஒரே சீருடை, ஒரே மணியடி, ஒரே மதில். ஊர்க்காரர்கள் இருவரையும் ஒரே பெயரில்தான் கூப்பிட்டார்கள்.

இடையில் வேறு வகை வீடுகளும் வந்தன. 16 முதல் 21 வரை உள்ள இளைஞர்களுக்கு 1925-ம் வருஷத்து போர்ஸ்டல் பள்ளிச் சட்டம் வந்தது. பெண் பிள்ளைகளை விபசாரக் கும்பல்களிடமிருந்து மீட்க 1930-ல் ஒரு சட்டம் வந்தது. அந்த ஆண்டுகளில்தான் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அவ்வை இல்லத்தைத் தொடங்கினார். தேவதாசி முறையை விட்டு வெளியே வந்த பெண் பிள்ளைகளுக்கு எந்த விடுதியும் இடம் தராதபோது தன் வீட்டுக் கதவைத் திறந்து வைத்தவர் அவர். பிள்ளைகளைப் பள்ளியில் படிக்க வைத்து, ஆசிரியைகளாகவும் செவிலியர்களாகவும் வெளியே அனுப்புவதுதான் அந்த இல்லத்தின் நோக்கம். பாதுகாப்பு என்றால் பூட்டு என்றுதான் அர்த்தம் என்று யாராவது சொன்னால், இல்லை என்று காட்ட நம் ஊரிலேயே உதாரணம் இருக்கிறது.

அப்பளம் போட்ட நாள்

சுதந்திரத்துக்குப் பிறகு செர்டிஃபைடு ஸ்கூல், அப்ரூவ்டு ஸ்கூல் ஆயிற்று. எங்கள் வாயில் அது 'அப்ரூட் ஸ்கூல்'. விசாரணைக் காலத்தில் வைக்கும் இடத்துக்கு ரிமாண்ட் ஹோம் என்று பெயர். பெயர்கள் மாறின. உள்ளே என்ன மாறியது என்பதற்கு எனக்குத் தெரிந்த ஒரு சம்பவத்தைச் சொல்கிறேன்.

எண்பதுகளின் கடைசியில் நான் ஒரு மாஜிஸ்திரேட்டிடம் வேலை பார்த்தேன். கண்டிப்பானவர், ஆனால் நல்ல மனிதர். அவர் ஒரு இல்லத்தைப் பார்வையிடப் போனபோது குறிப்பெடுக்க நானும் உடன் போனேன். ஊர் பெயர் வேண்டாம். சுவரெல்லாம் புதுச் சுண்ணாம்பு, வாசலில் கோலம். பதிவேடுகள் சுத்தமாக இருந்தன. மதியச் சாப்பாட்டு நேரம். வரிசையில் கடைசியாக உட்கார்ந்திருந்த சின்னப் பையனிடம் ஐயா குனிந்து கேட்டார்.

"சாப்பாடு எப்படிப்பா இருக்கு?"

"நல்லா இருக்கு சார். அப்பளம் போட்டாங்க."

"தினமும் போடுவாங்களா?"

பையன் வார்டனை ஒரு பார்வை பார்த்தான். "யாராச்சும் வர்ற அன்னிக்குப் போடுவாங்க சார்."

கூடத்தில் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். ஐயா சிரிக்கவில்லை. சாப்பாடு முடிந்ததும் ஒவ்வொரு பையனையும் தனித்தனியாகக் கூப்பிட்டு இரண்டே கேள்வி கேட்டார். எப்போது வந்தாய்? எப்போது போகப் போகிறாய்? முதல் கேள்விக்கு எல்லோரும் பதில் சொன்னார்கள். இரண்டாவது கேள்விக்குப் பெரும்பாலான பிள்ளைகளுக்குப் பதில் தெரியவில்லை. அப்பளப் பையனின் பதிவில் "பெற்றோர் விவரம் தெரியவில்லை" என்று இருந்தது. அவனோ தன் ஊர் பெயரையும், பஸ் நிறுத்தத்தில் தன் சித்தப்பா டீக்கடை வைத்திருப்பதையும் கடகடவென்று சொன்னான். மூன்று வருஷமாக யாரும் அவனை உட்கார வைத்துக் கேட்கவில்லை. அன்று மாலையே ஐயா சொல்லச் சொல்ல அந்தத் தாலுகா தாசில்தாருக்கு நான் கடிதம் எழுதினேன். இரண்டு மாதம் கழித்து அந்தச் சித்தப்பா தோளில் துண்டோடு வந்து நின்றார்.

அங்கே யாரும் அந்தப் பையனை அடிக்கவில்லை, பட்டினி போடவில்லை. மறந்துவிட்டார்கள். பூட்டிய வீட்டில் அதுதான் பெரிய ஆபத்து. உள்ளே இருப்பவன் கண்ணில் படுவதில்லை. கண்ணில் படாதவனை யாருக்கும் ஞாபகம் வருவதில்லை.

டெல்லியிலிருந்து வந்த மாற்றம்

அந்த ஐயா அப்படிப் பார்வையிடப் போன காலத்துக்கும் ஒரு பின்னணி உண்டு. ஷீலா பார்சே என்ற பத்திரிகையாளர், நாடு முழுவதும் சிறைகளில் குழந்தைகள் அடைபட்டுக் கிடப்பதைச் சொல்லி உச்சநீதிமன்றம் போனார். 1986-ல் நீதிமன்றம் கடுமையாகவே பேசியது. குழந்தைகளைச் சிறையில் வைக்கக்கூடாது, மாநிலங்கள் தனி இல்லங்கள் அமைக்க வேண்டும், மாவட்ட நீதிபதிகள் சிறைகளுக்குப் போய்ப் பார்க்க வேண்டும் என்றது. 7 வருஷத்துக்கு மேற்படாத தண்டனைக்குரிய குற்றம் என்றால், 16 வயதுக்குக் கீழ்ப்பட்டவர் மீதான விசாரணையை மூன்று மாதத்தில் போலீசார் முடிக்க வேண்டும், முடிக்காவிட்டால் வழக்கே முடிந்ததாகக் கருத வேண்டும் என்றும் சொன்னது.

அதே வருஷம் நாடாளுமன்றம் சிறார் நீதிச் சட்டத்தை இயற்றியது. 1987 அக்டோபர் 2 முதல் அமலுக்கு வந்து, நம் 1920-ம் வருஷத்துச் சட்டம் ஓய்வு பெற்றது. தவறு செய்த சிறுவர்களுக்குத் தனி நீதிமன்றம், கவனிப்பாரற்ற சிறுவர்களுக்குத் தனி வாரியம் என்று பிரித்தார்கள். 2000-ல் வந்த அடுத்த சட்டம் ஆண், பெண் இருவருக்கும் 18 வயது என்று வரம்பு வைத்தது. இப்போது இருப்பது 2015-ன் சட்டம். 2016 ஜனவரி 15 முதல் நடப்பில் இருக்கிறது.

இப்போது விசாரணைக் காலத்துக்குக் கூர்நோக்கு இல்லம். விசாரணை முடிந்து தவறு செய்ததாக முடிவானால் சிறப்பு இல்லம். 16 முதல் 18 வயதில் கொடுங்குற்ற வழக்கில் சிக்கியவர்களுக்குப் பாதுகாப்பிடம் என்று தனி இடம். ஆதரவு தேவைப்படும் பிள்ளைகளுக்குக் குழந்தைகள் இல்லம். முதல் மூன்றுக்கும் இளைஞர் நீதிக் குழுமம் பொறுப்பு. கடைசிக்குக் குழந்தைகள் நலக் குழு பொறுப்பு. 1920-ல் ஒரே பூட்டுக்குள் இருந்த இரண்டு பையன்களைக் காகிதத்தில் பிரித்து முடிக்கவே நமக்கு அறுபது வருஷத்துக்கு மேல் ஆயிற்று.

2015 சட்டத்தில் எனக்குப் பிடித்த சில விதிகள் உண்டு. குழந்தையை இல்லத்தில் வைப்பது கடைசி வழியாக மட்டுமே இருக்க வேண்டும். இல்லத்திலிருந்து பையன் ஓடிப்போனால் அவனைத் திரும்ப அழைத்து வரலாமே தவிர, ஓடியதற்காக அவன்மேல் புது நடவடிக்கை எடுக்கக்கூடாது. இல்லத்தில் பிள்ளையை அடித்து ஒழுங்குபடுத்தினால் அடித்தவருக்கு முதல் முறை 10,000 ரூபாய் அபராதம், மறுமுறை மூன்று மாதம் வரை சிறையும் உண்டு. ஒரு காலத்தில் சட்டமே பிரம்பைக் கையில் கொடுத்தது. இன்று அதே சட்டம் பிரம்பு எடுத்தவருக்கு அபராதம் போடுகிறது.

பூட்டுக்கு ஒரு சட்டம்

நாம் யாரைப் பார்த்து 1920 சட்டத்தை எழுதினோமோ அந்த இங்கிலாந்தில் பிற்பாடு என்ன நடந்தது என்று பார்ப்பதும் பயன் தரும். அங்கும் அரசுப் பராமரிப்பில் உள்ள குழந்தைகளைப் பூட்டி வைக்கும் இல்லங்கள் உண்டு. 1989-ம் வருஷத்துச் சிறுவர் சட்டத்தில் இந்தப் பூட்டுக்கென்றே ஒரு பிரிவு எழுதினார்கள். ஒரு குழந்தையைப் பூட்டிய இல்லத்தில் வைக்க வேண்டுமானால், அது அடிக்கடி ஓடிப்போகும் குழந்தை, திறந்த இல்லத்தில் வைத்தால் மறுபடி ஓடிவிடும், ஓடினால் பெரிய கேடு நேரும் என்று காட்ட வேண்டும். அல்லது வேறு இடத்தில் வைத்தால் தன்னையோ பிறரையோ காயப்படுத்திவிடும் என்று காட்ட வேண்டும். நீதிமன்ற உத்தரவு இல்லாமல் 28 நாளில் மொத்தம் 72 மணி நேரத்துக்கு மேல் பூட்டி வைக்க முடியாது. முதல் உத்தரவு மூன்று மாதத்துக்கு மேல் போகாது. 13 வயதுக்குக் கீழ் என்றால் அமைச்சரின் ஒப்புதலும் வேண்டும்.

அங்கே எல்லாம் ஒழுங்காக நடக்கிறது என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் குழந்தையை இல்லத்தில் சேர்ப்பது வேறு, கதவைப் பூட்டுவது வேறு என்று பிரித்துப் பார்த்திருக்கிறார்கள். பூட்டுவதற்குத் தனியாகக் காரணம் சொல்ல வேண்டும், திறக்கும் தேதியும் சொல்ல வேண்டும்.

நம் ஊரில் இந்தக் கேள்வி பெரும்பாலும் எழுவதே இல்லை. காதலித்து வீட்டை விட்டுப் போன 17 வயதுப் பெண் பிள்ளையை நினைத்துப் பாருங்கள். போலீசார் அழைத்து வருகிறார்கள். பெற்றோரோடு போக மாட்டேன் என்கிறாள், பயமாக இருக்கிறது என்கிறாள். இல்லத்தில் சேர்க்கிறார்கள். அவள் எந்தக் குற்றமும் செய்யவில்லை. அவளுக்கு அந்த மதில் தேவையாகக்கூட இருக்கலாம், வெளியே நிற்கும் சொந்தக்காரர்களைப் பார்த்தால். ஆனால் அந்தக் கதவு யார் உள்ளே வராமல் இருக்கச் சாத்தியிருக்கிறது, யார் வெளியே போகாமல் இருக்கச் சாத்தியிருக்கிறது என்று யாராவது அவளிடம் விளக்கிச் சொல்ல வேண்டாமா? 18 வயது முடியும் நாள் வரைக்கும் நாட்காட்டியைக் கிழித்துக்கொண்டிருப்பது மட்டும்தான் அவள் வேலை என்றால், அதற்குப் பெயர் பாதுகாப்பா?

திரும்பவும் செங்கல்பட்டு

2022-ம் வருஷம் டிசம்பர் மாதக் கடைசி நாள். செங்கல்பட்டு அரசு இல்லத்தில் 17 வயதுப் பையன் ஒருவன் இறந்துபோனான். சில்லறைத் திருட்டு வழக்கில் சில நாட்களுக்கு முன்புதான் அழைத்துவரப்பட்டவன். அடித்ததால் இறந்தான் என்ற குற்றச்சாட்டில் இல்லப் பணியாளர்களே கைதானார்கள். ஓய்வுபெற்ற உயர்நீதிமன்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் அரசு ஒரு நபர் குழு அமைத்தது. குழு மாநிலத்தில் உள்ள இல்லங்களின் நிலையை ஆராய்ந்து 2023-ல் அறிக்கை கொடுத்தது. சமூகப் பாதுகாப்புத் துறை என்ற பெயரும் போய், குழந்தைகள் நலன் மற்றும் சிறப்புச் சேவைகள் துறை ஆயிற்று.

இன்னொரு பெயர் மாற்றம். பெயர் மாறுவதில் எனக்கு வருத்தமில்லை. மரியாதையான பெயர் பிள்ளைக்கும் மரியாதைதான். ஆனால் 1887-லிருந்து சீர்திருத்தப் பள்ளி, செர்டிஃபைடு ஸ்கூல், அப்ரூவ்டு ஸ்கூல், சிறப்பு இல்லம் என்று எத்தனை பலகை மாற்றிவிட்டோம்! பலகை மாறியதால் எந்தப் பையனும் பிழைத்ததாக எனக்குத் தெரியவில்லை. வெளியிலிருந்து ஒருவர் கதவைத் தட்டி, உள்ளே வந்து, பையன் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டதால் பிழைத்தவர்கள் உண்டு. பழைய சட்டத்தின் பார்வையாளர் குழு, 1986-ல் மாவட்ட நீதிபதிகளுக்குப் போட்ட உத்தரவு, இன்றைய சட்டத்தின் ஆய்வுக் குழு எல்லாம் இந்த ஒரு விஷயத்தைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கின்றன.

இன்றைய விதி தெளிவாகவே இருக்கிறது. நீதிக் குழுமம் மாதம் ஒரு முறையாவது இல்லங்களைப் பார்க்க வேண்டும். நலக் குழு மாதம் இரண்டு முறையாவது பார்க்க வேண்டும். இவை தவிர, ஒரு பெண்ணும் ஒரு மருத்துவரும் இடம்பெற்ற, மூன்று பேருக்குக் குறையாத ஆய்வுக் குழு மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது போக வேண்டும். இத்தனை பேர் சொன்ன நாளெல்லாம் போனால், எந்தப் பையனையும் யாரும் மறக்க முடியாது, கைவைக்கவும் துணிய மாட்டார்கள். அப்பளமும் அடிக்கடி போட வேண்டியிருக்கும்!

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். கொரோனா காலத்தில், 2020 ஜூனில், சென்னை ராயபுரம் அரசுக் குழந்தைகள் இல்லத்தில் 35 பிள்ளைகளுக்குத் தொற்று கண்டது நினைவிருக்கும். உச்சநீதிமன்றமே தமிழக அரசிடம் விளக்கம் கேட்டது. அந்த வருஷம் நாடு முழுவதும் இல்லங்களில் இருந்த சுமார் 2,27,000 பிள்ளைகளில் 1,45,000 பேருக்கு மேல் குடும்பங்களுக்கே திருப்பி அனுப்பப்பட்டார்கள் என்று நீதிமன்றத்தில் கணக்கு வந்தது. மூன்றில் இரண்டு பங்குக்குக் கொஞ்சம்தான் குறைவு. அந்தப் பிள்ளைகளுக்கெல்லாம் திரும்பிப் போக ஒரு வீடும், கூப்பிட ஒரு சொந்தமும் இருந்திருக்கிறது. வீட்டில் வறுமை இருந்திருக்கும், குடி இருந்திருக்கும், எல்லா வீடும் நல்ல வீடாக இருந்திருக்காது. ஆனாலும் ஒரு நோய் வந்துதான் கதவைத் திறக்க வேண்டியிருந்தது என்பது யோசிக்க வேண்டிய விஷயம்.

வறுமை மட்டுமே காரணம் என்றால் இப்போது அதற்கு வழி உண்டு. மிஷன் வாத்சல்யா திட்டத்தில், தகுதியுள்ள பிள்ளைக்குச் சொந்த வீட்டிலேயே வைத்து வளர்க்க மாதம் 4,000 ரூபாய் நிதியுதவி கிடைக்கும். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் விண்ணப்பிக்க வேண்டும். கணவனை இழந்து, பிள்ளையை எங்காவது இல்லத்தில் விட்டுவிடலாமா என்று யோசிக்கும் தாய் உங்கள் தெருவில் இருந்தால், இந்த ஒரு தகவலைச் சொல்லுங்கள். ஆபத்தில் இருக்கும் பிள்ளையைக் கண்டால் 1098 என்ற எண்ணுக்குச் சொல்லுங்கள்.

கடைசியாக ஒரு விஷயம். நீதிக் குழுமத்தில் மாஜிஸ்திரேட்டோடு இரண்டு சமூகப் பணியாளர்கள் உட்காருகிறார்கள். நலக் குழுவில் தலைவரும் நான்கு உறுப்பினர்களும் இருக்கிறார்கள். இந்த இடங்களுக்கு அரசு விண்ணப்பம் கேட்டு விளம்பரம் கொடுக்கும். வயது வரம்பும் தகுதியும் உண்டு, அதனால் நமக்குப் பொருந்தாமல் போகலாம். ஆனால் நம் பிள்ளைகளில், மருமகள்களில், பழைய மாணவர்களில் குழந்தைகளோடு வேலை பார்த்தவர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். அந்த விளம்பரம் வரும்போது வெட்டி எடுத்து அவர்களுக்கு அனுப்புங்கள். நல்ல மனிதர் ஒருவர் அந்த நாற்காலியில் உட்கார்ந்தால், பூட்டிய கதவு மாதம் இரண்டு முறையாவது ஒழுங்காகத் திறக்கும்.

செங்கல்பட்டு, கெல்லீஸ், ராயபுரம் இல்லங்களில் ஆசிரியராகவோ, நன்னடத்தை அலுவலராகவோ, தொழிற்கல்வி பயிற்றுநராகவோ வேலை பார்த்தவர்கள் உங்களில் இருந்தால் எழுதுங்கள். நல்ல அனுபவங்களும் நிறைய இருக்கும். அவற்றையும் பதிவு செய்ய வேண்டும்.